இடம் மாறிய சலவை இயந்திரம்

அன்னையாரின் முழங்கால் நோவு காரணமாக, கிணற்றடியில் நின்ற சலவை இயந்திரத்தைச் சென்ற மாதம் குசினிக்கு அருகே கொண்டுவந்தோம். படியிறங்கும் துன்பம் அவருக்கு நீங்குமென்று மகிழ்ந்தோம். ஆனால் முதல் நாளே வெட்கப்பட நேர்ந்தது. நீர் உள்ளே சென்றுகொண்டேயிருந்தது, இயந்திரமோ நிறையவில்லை. கூரைமேல் தாங்கியிற் பாதி தீர்ந்த பின்னரே விழித்தோம்.

பிழை எம்முடையதே. கழிவுக் குழாயை நிலத்திலே கிடத்தியிருந்தோம். அதன் வாய் இயந்திரத்துள் நிற்கும் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால், புகும் நீர் தானாகவே வெளியேறிவிடும். பொதுவாக அதனை 60 முதல் 100 சென்ரிமீற்றர் உயரத்திற் பொருத்துதல் வேண்டும். சரியான அளவைக் கையேடு கூறும்.

நீர் வரும் வழியையும் நோக்குவோம். தாங்கி 10 மீற்றர் உயரத்தில் நின்றால் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் உண்டாகும். 3 மீற்றராயின் 0.3 பார் மட்டுமே. கையேடு கேட்கும் அழுத்தத்துக்கு இது போதுமா என்பதை இயந்திரத்தை நகர்த்துமுன்னரே அறிதல் நன்று. இயந்திரத்துக்கெனத் தனிப் பைப் ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். வேலை முடிந்ததும் அதனை மூடிவிடுக. பழைய குழாயை ஒட்டுப்போட்டு நீட்டுதல் ஆகாது. ஒட்டு விட்டால் வீடே வெள்ளமாகும். இணைப்பில் றப்பர் வளையமும் சிறு சல்லடையும் உளவா என்றும் பார்த்துக்கொள்க.

குழாய் வேலை தெரிந்த ஒருவர் வந்து யாவற்றையும் சீர்செய்தார். அன்னையார் இப்போது கதிரையில் அமர்ந்தபடியே உடுப்புக்களைப் போடுகிறார். அன்று அவர் கூறியது இவ்வளவே: “கையேடு என்ரை அலுமாரிக்கைதானே கிடக்குது. ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே, பிள்ளையள்!”