தரகருக்கு வலை உண்டு, ஊருக்கு உண்டா?

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே காணி கைமாறும் முறையைக் கவனிப்போர்க்கு ஓர் உண்மை விளங்காமற் போகாது. வீட்டின் உரித்தாளருள் மூத்தவர் தொரொன்ரோவிலே இருக்கிறார், தங்கை இலண்டனிலே, இளையவர் பாரிசிலே. கூரையிலே பத்து ஓடு சரிந்த செய்தி அம்மூவருள் எவருக்கும் எட்டுவதில்லை. ஆனால், மூத்தவருக்கு விற்க மனம் உண்டு என்ற செய்தி மட்டும் ஒரு கிழமைக்குள் ஊர்த் தரகர் அத்தனை பேர் காதிலும் விழுந்துவிடுகிறது! வாங்குவோருக்கு ஆள் உண்டு, நொத்தாரிசு உண்டு, அளவையாளர் உண்டு, பணம் திரட்டும் கூட்டாளிகள் உண்டு. ஒருவருக்கொருவர் தகவல் சொல்லி, ஒருவர் தவறவிட்டதை மற்றவர் பிடித்து, வலை பின்னியதுபோல் இயங்குகின்றனர்.

இதற்காக அவர்களை நாம் ஏசப்போவதில்லை. ஒற்றுமையாய்த் தொழில் செய்வது குற்றமன்று. நாம் ஏசுவது ஊரை. அந்த வலைக்கு எதிராக ஊரிடம் ஒரு நூலிழையேனும் உண்டா?

தரகர் வலையிலே ஓடுவது விலை ஒன்றே. வீட்டை எவ்வாறு திருத்துவது என்ற அறிவு அதிலே ஓடுவதில்லை. ஆகவே, வாங்கியவர் முதலிற் செய்யும் வேலை இடிப்பது. மலாயாவிலே உத்தியோகம் பார்த்த பணத்தாலும், திருவிதாங்கூருக்குப் புகையிலை அனுப்பிய பணத்தாலும் நம் பாட்டன்மார் எழுப்பிய நாற்சார் வீடுகள், “பழசு, உதவாது” என்ற இரண்டு சொல்லிலே மண்மேடாகின்றன. உதவாது என்று தீர்ப்புச் சொன்னவர் யார்? சுண்ணாம்புச் சாந்தைக் கையாற் தொட்டறியாதவர்!

இடிக்காதவரோ, திருத்துகிறேன் என்று கெடுக்கிறார். நம் பழைய சுவர்கள் சுண்ணக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டவை. மாரியிலே அச்சுவர் ஈரம் உறிஞ்சும். கோடையிலே அவ்வீரத்தை வெளியே விட்டுவிடும். அதன்மேல் சீமெந்தைப் பூசினால் ஈரம் வெளிவர வழியின்றி உள்ளே நிற்கும். நிலத்து உவர் சுவருக்குள்ளே படிந்து பூச்சைத் தள்ளும். இரண்டு மூன்று மாரிக்குள் பூச்சு பொருக்காய் உதிர, “பார்த்தீர்களா, சுவர் செத்துவிட்டது” என்கிறார்கள். செத்தது சுவரன்று, பூச்சு. நன்றாக நீற்றி, ஊறவைத்து, மணலோடு கூட்டிய சுண்ணாம்பை மீண்டும் பூசியிருந்தால் அச்சுவர் இன்னுமொரு தலைமுறைக்கு நிற்கும். 1950 இல் எழுந்த காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990 இல் நின்றது. நம்மவரின் சீமெந்து மோகம் மட்டும் நிற்கவில்லை.

கூரைக் கதையும் இதுவே. வைரம் பாய்ந்த பனையிலே செய்த வளையும் கைமரமும் நடுவிலே இற்றுப்போவது அரிது. ஓடு உடைந்து நீர் இறங்கும் இடத்திலும், சுவருக்குள் புதைந்த நுனியிலுந்தான் அவை இறும். கைதேர்ந்த ஓடாவி அந்த நுனியை மட்டும் வெட்டி, புதுத் துண்டை ஏற்றிப் பொருத்துவார். அவரைத் தேட ஒருவரும் இல்லை. முழுக் கூரையையும் பிரித்துவிட்டுக் கொங்கிறீற்றுத் தட்டுப் போடுகிறோம். உவர் நீரிலும் கடற்கரை மணலிலும் குழைத்த கொங்கிறீற்றுக்குள் கம்பி துருப்பிடித்துப் பருத்து, தட்டையே வெடிக்கச் செய்யும் என்பதைப் பொறியியலாளர் அறிவர். அறிந்தவர் ஊருக்கு வந்து சொன்னாரா?

சொல்ல மாட்டாதவர்கள் அல்லர் அவர்கள். 2016 இல், போரிலே வீடிழந்த வடக்கு கிழக்கு மக்களுக்கு 65,000 இரும்பு வீடுகளைப் பொருத்தித் தரும் திட்டத்தை அரசாங்கம் கொண்டுவந்தபோது, நம் பொறியியலாளரும் பிறரும் துணிந்து எதிர்த்தனர். நம் வெயிலுக்கு அவ்வீடு பொருந்தாது, கல்வீடு அதனிலும் குறைந்த செலவிலே கட்டலாம், அப்பணம் ஊர் மேசனுக்கும் ஓடாவிக்கும் சேரும் என்று கணக்கோடு காட்டினர். அத்திட்டம் அந்த அளவிலே நிறைவேறவில்லை. கொழும்பு அரசுக்கு எதிராகப் பேசிய அந்த அறிவு, பக்கத்து ஒழுங்கையிலே இடிபடும் வீட்டைக் கண்டு ஊமையாவது ஏன்?

“வீடு இடிந்தால் எனக்கென்ன, நான் தோட்டக்காரன்” என்று கமக்காரர் எவரேனும் எண்ணினால், அவருக்கும் ஒரு சொல். பழைய வீடுகள் பூட்டிக் கிடக்க, புதிய வீட்டுக்கு நிலம் எங்கிருந்து வருகிறது? கோப்பாயிலும் உரும்பிராயிலும் ஊரெழுவிலும் உங்கள் செம்மண்ணிலிருந்து! வெங்காயமும் புகையிலையும் விளைந்த தறை இரண்டு பரப்பும் மூன்று பரப்புமாகத் துண்டாடப்படுகிறது. ஒவ்வொரு துண்டிலும் ஒரு கிணறு, ஒரு மலக்குழி. மாரியிலே மட்டும் ஓடும் வழுக்கியாற்றை விட்டால் நமக்கு ஆறு ஏது? சுண்ணக்கற் பாறைக்குள் தங்கும் மழைநீர் ஒன்றே குடாநாட்டின் உயிர்நாடி. அந்நீரிலே நைத்திரேற்று ஏறுவதற்கு மலக்குழியோடு நாம் அள்ளிக் கொட்டும் யூரியாவுங் காரணம் என்பதை மறைக்கோம். ஆனால் பூட்டிய வீடொன்று திருந்திக் குடியேறினால், தோட்டத்திலே ஒரு மலக்குழி குறையும்.

இனி உரித்தாளர்க்கு வருவோம். 1947 ஆம் ஆண்டுத் தேசவழமை முன்கொள்வனவுச் சட்டம் என்ன சொல்கிறது? பிரிக்கப்படாத பங்கை வெளியாருக்கு விற்குமுன் பங்காளருக்கும் உரிமை வழியினருக்கும் அறிவித்தல் கொடுத்தல் வேண்டும் என்கிறது. முதுசொம் எளிதிலே வெளியே போகாதிருக்க முன்னோர் வகுத்த வழக்கின் எச்சம் அது. மூவரும் மூன்று நாட்டிலே இருக்க, அற்றோர்னித் தத்துவம் ஒருவர் கையிலே இருக்க, அவ்வழக்கின் பயனை நாமே கைவிடுகிறோம். மேலும், அயல்நாட்டுக் குடியுரிமை மட்டும் உடையவர் இங்கு காணி வாங்குவதை 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. தாய் தந்தையரிடமிருந்து உரிமையாய் வருவதைத் தடுக்கவில்லை. இதன் பொருளை உணர்ந்தீர்களா? பிள்ளைக்கு உரிமையாய் வரக்கூடிய வீட்டை இன்று விற்றால், நாளை அப்பிள்ளை பணத்தோடு வந்தாலும் மீள வாங்க இயலாது!

பூட்டி வைத்தவர் பலர் அஞ்சுவது ஒன்று: ஒருவரைக் குடியிருத்தினால் பத்து ஆண்டிலே ஆட்சியுரிமை கேட்பாரே என்பது. 1871 ஆம் ஆண்டுச் சட்டம் கூறும் பத்து ஆண்டு, உரியவருக்கு எதிராக ஆண்டு அனுபவிப்பவருக்கே உரியது. எழுத்திலே உடன்பட்டு, அனுமதியோடு இருப்பவருக்கு அவ்வுரிமை பிறவாது. வாடகைக்குப் பதிலாகக் கூரையைத் திருத்தி இருக்குமாறு ஒரு குடும்பத்துக்கு எழுதிக் கொடுக்கலாம். இதை ஒரு நொத்தாரிசு அரை மணியிலே விளக்குவார். விற்பனை உறுதி எழுதினாற் கிடைக்கும் கூலி இதிலே இல்லை என்பதாலோ என்னவோ, விளக்குவோர் அருகிவிட்டனர்.

வீட்டைக் காத்து ஊரை இழந்த கதையும் உண்டு. காலிக் கோட்டை 1988 இல் உலக மரபுரிமைப் பட்டியலிலே சேர்ந்தது. அங்கே வீடுகள் அழகாகத் திருந்தின, ஆனால் பல விடுதியும் கடையுமாகிப் பழங்குடிகள் வெளியேறினர். செட்டிநாட்டிலோ தேக்குத் தூணும் கதவும் கழன்று காரைக்குடிப் பழம்பொருட் கடைகளிலே விலைக்கு நிற்கின்றன. நாம் கேட்பது இவ்விரண்டுமன்று.

நாம் கேட்பது ஒரு குறிப்பேடு. ஊர்தோறும் சனசமூக நிலையம் உண்டு, கமக்கார அமைப்பு உண்டு, கூட்டுறவுச் சங்கமும் உண்டு. பூட்டிய வீடு எத்தனை, உரித்தாளர் எங்கே, சுண்ணாம்பு வேலை அறிந்த மேசன் எவர், பனைவேலை அறிந்த ஓடாவி எவர், இடித்த வீட்டுப் பீலி ஓடு எந்த வளவிலே குவிந்து கிடக்கிறது என்று எழுதி வைக்க ஒரு கொப்பி போதும். மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஒரு பொறியியலாளரும் ஒரு சட்டத்தரணியும் அங்கே வந்து அமரட்டும். ஓடாவிமாரிற் பலர் எழுபது கடந்தவர்கள். அவரவர் பக்கத்திலே ஒரு இளைஞனை நிறுத்தி, நாட்கூலியைச் சங்கம் கொடுக்கட்டும். ஓடு மாற்றும் சிறு கடனையும் சங்கமே கொடுக்கலாம். வெளிநாட்டிலிருந்து அதை அடைப்பது உரித்தாளருக்குப் பாரமாகாது.

ஐப்பசி மழைக்கு முன் எந்த ஊர் முதலில் இக்குறிப்பேட்டைத் திறக்கிறதோ, அவ்வூர் மேசன், ஓடாவி பெயர்களை, அவர்கள் உடன்பட்டால், இப்பத்திரிகை இலவசமாக வெளியிடும். தரகு கேட்க மாட்டோம்.