கணக்கர் வேலைக்குக் குலதெய்வம் எதற்கு?

தனியார் நிறுவன இன்டர்வியூ முடித்து வரும் தம்பி, தங்கைகளிடம் "என்ன கேட்டாங்க?" என்று விசாரிப்போம். பாதிப் பதில் எங்களுக்கு முன்பே தெரியும். சொந்த ஊர் எது? அங்க எந்தத் தெரு? அப்பா என்ன பண்றார்? கணக்கர் வேலைக்குப் போன ஒரு தங்கையிடம் குலதெய்வம் எதுவென்றே கேட்டிருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி போடுவது பெரும்பாலும் ஒழிந்துவிட்டது. அதனால்தான் தெருவைத் துருவுகிறார்கள். அதிலும் தப்பினால் டி.சி. நகல் இருக்கிறது, பலருடைய டி.சி.யில் சாதி அச்சாகவே இருக்கும்.

சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெலும் 2007இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரே தகுதி, வெவ்வேறு பெயர்கள். தனியார் நிறுவனங்களுக்கு விண்ணப்பங்கள் போயின. உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு சுமார் மூன்றில் இரண்டு பங்கு. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. இத்தனைக்கும் யாரும் நேரில் போகவே இல்லை.

"அரசும்தானே சாதி கேட்கிறது?" என்பார்கள். அரசு இடஒதுக்கீட்டுக்காக என்று சொல்லிவிட்டுக் கேட்கிறது. இவர்கள் எதற்கென்று சொல்லட்டுமே! வம்சாவளி, பிறந்த இடம் பார்த்துப் பாகுபடுத்தாதே என்னும் அரசியலமைப்பின் 16(2) அரசு வேலைக்கு மட்டும்தான். தனியாருக்கும் அப்படி ஒரு சட்டம் வேண்டும்: பணி ஆணை தரும்வரை படிப்பு, அனுபவம், தொலைபேசி எண் போதும். முகவரி, தந்தை பெயர், டி.சி. எல்லாம் அப்புறம்.

அதுவரை, உங்களிடம் கேட்ட கேள்விகளை அன்றைக்கே தேதி போட்டு எழுதி வையுங்கள். எங்களுக்கும் ஒரு பிரதி கொடுங்கள்.