மத்துக் கடைந்த கை காளானும் கடையும்

பலசரக்குக் கடைக்காரர்களாகிய நமக்குக் கடைசல் சாமான் புதிதல்ல. கீரை மத்து, மோர் மத்து, சப்பாத்திக் கட்டை, பம்பரம் எல்லாம் ஒரு காலத்தில் நம் கடை வாசலில் கயிற்றில் தொங்கியவைதாம். மிக்ஸி வந்தபின் மத்து குறைந்தது. பிளாஸ்டிக் வந்தபின் பம்பரமும் மரச் சொப்பும் ஒதுங்கின. போகாத சரக்கை நிறுத்துவது வியாபார நியாயமே. ஆனால் கடைசல்காரரின் தொழிலை வேறு சரக்கின் மூலம் காப்பாற்ற வழி உண்டா என்று பார்ப்பதும் வியாபாரம்தான். உண்டு என்பதே நம் கருத்து.

ஒரு கீரை மத்தைத் தலைகீழாக நிறுத்திப் பாருங்கள். ஏறக்குறைய அது ஒரு காளான். மரக் காளான் செய்ய இரண்டு மூன்று அங்குலப் பருமனுள்ள கிளைத் துண்டு போதும். அடுப்புக்குப் போக வேண்டிய கட்டை அது. கடைசல் இயந்திரத்தில் பூட்டி, தலைப்பக்கத்தைக் குடைபோல் உருட்டி, அடியில் சற்றுக் குடைந்து, காம்பை மெலித்து எடுத்தால் காளான் தயார். குடையும் காம்பும் ஒரே மரம். ஒட்டு இல்லை, ஆணி இல்லை. சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தினால் உரசும் சூட்டிலேயே அரக்கு உருகிப் பிடிக்கும். தாழை மடலால் தேய்த்தால் மெருகு ஏறும். சென்னபட்டணம் பொம்மைக்கு வண்ணம் ஏறுவதும் இந்த முறையில்தான்.

ரஷ்யாவில் நீஷ்னி நோவ்கோரத் வட்டாரத்திலுள்ள போல்ஹவ் மைதான் என்ற கிராமம் இத்தகைய சரக்கால் பெயர் பெற்றது. அங்கே லிண்டன் மரத்தில் காளான் வடிவ உண்டியல்களை ஆண்கள் கடைவார்கள்; பெண்கள் வண்ணம் தீட்டுவார்கள். தாங்களே சந்தை சந்தையாகச் சுமந்து சென்று விற்றார்கள். நம் ஊர்க் கடைசல்காரருக்கு அப்படிச் சுமந்து செல்ல ஆளில்லை. அந்த வேலை நம்முடையது.

"இதை யார் வாங்குவார்கள்?" என்று சிலர் கேட்கலாம். நவராத்திரிக்குக் கொலு வைக்கும் வீடுகளில் படிகளுக்குப் பக்கத்தில் பூங்கா அமைக்கும் பழக்கம் உண்டு. மரமும் காளானும் அங்கே வேண்டும். மிஞ்சினால் நஷ்டமில்லை. அப்பளம்போல் நமுத்துப் போகாது, பருப்புபோல் வண்டு விழாது. அடுத்த ஆண்டுக்கும் அதே சரக்கு.

வாங்கும்போது இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, ஈரக் கட்டையில் கடைந்தது நம் அலமாரியிலேயே வெடித்துவிடும். நன்றாகக் காய்ந்த மரமா என்று கேட்டு வாங்குங்கள். இரண்டு, சட்டம். 14 வயதுக்குட்பட்ட குழந்தைகள் விளையாடுவதற்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மத்திய அரசின் கைவினைப் பொருள் வளர்ச்சி ஆணையரிடம் பதிவு பெற்ற கைவினைஞர்கள் தயாரித்து விற்கும் பொம்மைகளுக்கு 2020 டிசம்பர் திருத்தத்தில் விலக்கு அளிக்கப்பட்டது. ஆகவே கொலு அலங்காரம் வேறு, விளையாட்டுச் சாமான் வேறு என்று பிரித்து வையுங்கள். கைவினைஞரின் பதிவு அட்டை நகலையும் பில்லையும் கடையில் பத்திரப்படுத்துங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது பணம். பெரிய நிறுவனங்கள் நமக்குத் தர வேண்டிய தொகையை இழுத்தடித்தால் நாம் கொதிக்கிறோம். கடைசல்காரரிடம் "விற்றதும் தருகிறேன்" என்று சரக்கை இறக்கிக் கொள்வதும் அதே தவறுதான். அவருக்கு மரமும் அரக்கும் கடனில் கிடைப்பதில்லை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற சிறு உற்பத்தியாளருக்கு 45 நாட்களுக்கு மேல் பாக்கி வைக்கக் கூடாது. தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. சட்டத்துக்குப் பயந்து அல்ல, தொழில் நிலைக்க வேண்டும் என்பதற்காகவே ரொக்கம் கொடுக்கச் சொல்கிறோம்.

அளவாகத் தொடங்குவோம். பத்துக் காளான், பத்து மத்து போதும். ஆர்டரை ஆடியிலேயே கொடுங்கள். அப்போதுதான் மரம் காய நேரம் இருக்கும். புரட்டாசியில் சரக்கு வந்து இறங்கும்போது கையோடு பணத்தைக் கொடுங்கள். அடுத்த ஆண்டும் அவர் பட்டறையில் கடைசல் ஓடும். நம் கடைக்கும் சரக்கு வரும்.