அங்கே ஸ்பான்சர் அண்ணன், இங்கே ஸ்பான்சர் முதலாளி

பெரம்பலூர், அரியலூர் பக்கம் ‘ஸ்பான்சர்’ என்ற சொல்லுக்கு யாரும் அகராதி பார்க்க வேண்டியதில்லை. மானாவாரிக் கரிசலில் மக்காச்சோளமும் பருத்தியும் போட்டுக் கடனாளியானவர்களின் பிள்ளைகள் சவூதிக்கும் குவைத்துக்கும் துபாய்க்கும் போய்ப் பழகிய ஊர்கள் இவை. அங்கே ஸ்பான்சர் என்றால் முதலாளி. ‘கஃபீல்’ என்பார்கள். வேலையும் அவர் கையில், தங்கும் உரிமையும் அவர் கையில். சட்டம் கூடாது என்றாலும் பாஸ்போர்ட்டும் பல நேரம் அவர் கையில்தான். அண்மைக்காலத்தில் சில நாடுகள் இந்த முறையைத் தளர்த்தியிருக்கின்றன. ஆனால் இருபது வருடம் உழைத்தாலும் குடியுரிமை கிடையாது என்பது மாறவில்லை.

இதே சொல்லுக்கு அமெரிக்காவில் இன்னொரு பொருள் இருக்கிறது. அங்கே அண்ணனும் அக்காவும்கூட ஸ்பான்சர் ஆகலாம். 21 வயது நிரம்பிய அமெரிக்கக் குடிமக்கள் தம் உடன்பிறந்தவர்களை நிரந்தரமாகக் குடியேற்றக் கேட்டு மனு போடலாம். ‘எஃப்-4’ என்று இந்தப் பிரிவுக்குப் பெயர். உடன்பிறந்தவருக்கு அனுமதி கிடைத்தால் அவருடைய கணவனோ மனைவியோ, 21 வயதுக்கு உட்பட்ட மணமாகாத பிள்ளைகளோ கூடவே போகலாம். ஆண்டுக்கு மொத்தம் 65,000 விசா. நாட்டுவாரி உச்சவரம்பும் உண்டு என்பதால் 2025இல் இந்தியர்களுக்கு நகர்ந்தவை 2006இல் போட்ட மனுக்கள். ஏறத்தாழ 19 வருடக் காத்திருப்பு. வரிசையில் நிற்கும்போதே பிள்ளைகள் வயது வரம்பைத் தாண்டி விழுந்துவிடுவதும் நடக்கிறது.

இந்தக் காத்திருப்பின் வலி உண்மையானது. ஆனால் அந்த வரிசையில் நிற்கவே ஒரு தகுதி வேண்டும்: அங்கே ஏற்கனவே குடியுரிமை பெற்ற ஓர் உடன்பிறப்பு. கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவர் தம்பிக்கு மனு போட முடியாது. அப்படியானால் முதலில் போய்க் குடியுரிமை வாங்கியவர் யார்?

1923இல் பகத் சிங் திண்ட் என்பவர், தான் ‘உயர்சாதி இந்து’ என்பதால் வெள்ளையராகக் கருதிக் குடியுரிமை தரவேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் வாதாடித் தோற்றார். சாதியைக் கடவுச்சீட்டாக நீட்டிய அந்த முயற்சி அன்று பலிக்கவில்லை. 1946இல் இந்தியர்களுக்கு ஆண்டுக்கு 100 பேர் என்று கதவு கொஞ்சம் திறந்தது. 1965இல் வந்த குடியேற்றச் சட்டம்தான் அதை அகலத் திறந்தது. உடன்பிறந்தோருக்கு அது தந்த பங்கைப் பார்த்து ‘சகோதர சகோதரிகள் சட்டம்’ என்றே அதைக் கிண்டலாக அழைத்தார்கள். உறவுக்கு முன்னுரிமை தந்தால் ஏற்கனவே அங்கிருக்கும் ஐரோப்பியர்களின் உறவினர்களே வருவார்கள், நாடு வெள்ளையாகவே இருக்கும் என்பது அன்றைய பழமைவாதிகளின் கணக்கு. கணக்கு தப்பியது. ஆசியர்கள் போனார்கள்.

எந்த ஆசியர்கள்? இந்தியாவிலிருந்து முதல் அலையில் போனவர்களில் பெரும்பகுதி மருத்துவர்கள், பொறியாளர்கள், ஆய்வாளர்கள். ஐஐடிகளில் பட்டியல் சாதி, பழங்குடி இடஒதுக்கீடு வந்ததே 1973இல். பிற்படுத்தப்பட்டோருக்கு 2008இல். அந்த முதல் அலை எந்தத் தெருக்களிலிருந்து கிளம்பியது என்பதற்குத் தனியாக ஆராய்ச்சி வேண்டியதில்லை. ஆனாலும் ஆராய்ச்சி இருக்கிறது. அமெரிக்க இந்தியர்களைப் பற்றி 2016இல் நூல் எழுதிய சஞ்சய் சக்ரவர்த்தி, தேவேஷ் கபூர், நிர்விகார் சிங் மூவரும், அவர்கள் மூன்று முறை சலிக்கப்பட்டு வந்தவர்கள் என்கிறார்கள். முதல் சல்லடை சாதியும் வர்க்கமும். இரண்டாவது கல்லூரி நுழைவு. மூன்றாவது விசா.

நான்காவது ஒன்றும் உண்டு என்பேன். அது சலிப்பதில்லை, பெருக்குகிறது. அண்ணன் பட்டத்தால் போனார், தம்பி அண்ணனால் போனார், தம்பியின் பிள்ளைகள் தம்பியால் போனார்கள். சட்டத்தில் சாதி என்ற சொல் இல்லை. அகமணமுறை இருக்கும்வரை அந்தச் சொல் தேவையும் இல்லை. இங்கே ‘தகுதி’ பேசி இடஒதுக்கீட்டைத் திட்டும் வீடுகளில் எத்தனை, அண்ணனோடு பிறந்ததைத் தவிர வேறெந்தத் தகுதியும் கேட்காத வரிசையில் காத்திருக்கின்றன?

காகிதமும் சாதி பார்க்கிறது. இருவரும் உடன்பிறந்தவர்கள் என்று காட்ட இருவரின் பிறப்புச் சான்றிதழிலும் பெற்றோர் பெயர் ஒத்திருக்க வேண்டும். சேரியில், வீட்டில், மருத்துவச்சி கையில் பிறந்து பதிவே ஆகாதவர்களுக்கு அந்தக் காகிதம் எங்கே? பதிவு இல்லை என்பதற்கே ஒரு சான்றிதழ் வாங்க வேண்டும். பள்ளிச் சான்றிதழில் ஓர் எழுத்து, ரேஷன் கார்டில் ஓர் எழுத்து என்று அப்பா பெயர் திரிந்து கிடக்கும் வீட்டில், உடன்பிறப்பே சந்தேகத்துக்குரிய செய்தியாகிவிடுகிறது.

அமெரிக்கச் சட்டத்துக்கு ஏறத்தாழ ஓர் ஆண்டு முன்னால், 1964 அக்டோபரில், சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. பெரம்பலூரும் அரியலூரும் அடங்கிய பழைய திருச்சி மாவட்டத்திலிருந்தும் அண்டை மாவட்டங்களிலிருந்தும் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களில் பெரும்பகுதி ஒடுக்கப்பட்ட சாதியினர். 1948இல் அவர்களின் குடியுரிமை பறிக்கப்பட்டது. 1964இல் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று இரு அரசுகளும் தலைகளை எண்ணிப் பிரித்துக்கொண்டன. அண்ணன் கண்டியில், தங்கை கூடலூரில் என்று குடும்பங்கள் சிதறின. படித்தவரின் தம்பியைக் கூட்டிவர ஒரு சட்டம், கொழுந்து பறித்தவரின் தம்பியைப் பிரித்தனுப்ப ஓர் ஒப்பந்தம். இரண்டும் ஒரே காலத்தில் எழுதப்பட்டவை.

இன்றும் எங்கள் பக்கத்து அண்ணன்கள் தம்பிக்கு ‘விசா எடுத்துவிடுகிறார்கள்’. அது உறவால் வரும் உரிமை இல்லை, தெரிந்த கம்பெனியில் சொல்லிவைப்பது. பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய கட்டணம் ஜிஎஸ்டி நீங்கலாக 30,000 ரூபாய் என்று விதி சொல்கிறது. ஊரில் கேட்டால் தொகை லட்சங்களில் வரும். பத்தாவது தேறாதவருக்கு வளைகுடா போகத் தனி அனுமதி வேறு. சிங்கப்பூரில் ஒர்க் பர்மிட்டில் இருப்பவர் குடும்பத்தையே கூட்டிப்போக முடியாது. உடன்பிறப்பு பற்றிய பேச்சே எழாது.

அதற்காக எஃப்-4ஐ ஒழிக்க வேண்டுமா? கூடாது. 2017இல் டிரம்ப் ஆதரித்த மசோதா அதைத்தான் கேட்டது: உடன்பிறந்தோர் பிரிவை நீக்கு, மதிப்பெண் போட்டு ஆளெடு. நமக்குப் பழகிய அதே ‘தகுதி’ வாதம். உறவை வெட்டிவிட்டு மூன்று சல்லடைகளை மட்டும் வைத்துக்கொண்டால் ஒடுக்கப்பட்டவர்களுக்கு இன்னும் குறுகிய வழியே மிஞ்சும். இப்போதுதான் முதல் தலைமுறையாகப் போய்ச் சேரும் தலித் அண்ணனுக்கும் அக்காவுக்கும் அந்த வரிசை தேவை.

நாம் கேட்க வேண்டியவை வேறு. முதல் ஆள் போகும் வழி அகலமாக வேண்டும். ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகையில் மொத்த இடமே 125தான். இந்தியச் சமூகத்தையும் வரலாற்றையும் ஆராய அதில் இடமில்லை என்று 2022இல் விதி போட்டார்கள். அந்த விதி போக வேண்டும், இடங்கள் பெருக வேண்டும். ஏஜெண்ட் கட்டண விதியைப் பெரம்பலூரிலும் அரியலூரிலும் மாவட்ட நிர்வாகம் உண்மையாக அமலாக்க வேண்டும். போய்ச் சேர்ந்த இடத்தில் சாதிக்கு எதிரான சட்டப் பாதுகாப்பு வேண்டும். 2023இல் சியாட்டில் அதைச் செய்தது. அதே ஆண்டு கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் கையெழுத்திடாமல் திருப்பினார்.

உடன்பிறந்தவரோடு வாழ விரும்புவது யாருக்கும் சலுகை இல்லை. சவூதியில் கம்பி கட்டும் அண்ணனுக்கும் அந்த விருப்பம் உண்டு. அவருக்கு அது உரிமையாகும்வரை, மற்றவர்கள் அதைத் தங்கள் திறமையின் பரிசு என்று சொல்லிக்கொள்ள நாம் விடக்கூடாது.