ஒன்ஸ்மோர் கேட்க ஆளிருக்கிறதா?

போவன்பள்ளியிலிருந்து ஒரு குடும்பம் சுரபி நாடகம் பார்க்கக் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரவீந்திர பாரதியிலோ பப்ளிக் கார்டன் பக்கம் லலித கலா தோரணத்திலோ 'பால நாகம்மா'. நாடகம் முடிந்து வீடு திரும்பும்போது தாத்தாவும் பேரனும் ஒரே அபிப்பிராயத்தில் இருந்தால் அதுதான் அதிசயம்.

கதை இருவருக்கும் புதிதல்ல. மாயல மராட்டி என்ற மந்திரவாதி இளவரசி பால நாகம்மாவை நாயாக மாற்றித் தூக்கிப்போகிறான். தேடி வந்த கணவன் கல்லாகிறான். பின்னாளில் மகன் வளர்ந்து, கடல் கடந்து போய், மந்திரவாதியின் உயிர் ஒளிந்திருக்கும் கிளியைப் பிடிக்கிறான். 'ஏழு கடல், ஏழு மலை தாண்டி' என்று தமிழ்ப் பாட்டிகள் சொல்லும் கதையும் இதேதான். 1942இல் ஜெமினி இதைத் தெலுங்குப் படமாக்கியது. 1981இல் தமிழிலும் வந்தது. ஆக, அடுத்து என்ன நடக்கும் என்று அறிவதற்காக யாரும் டிக்கெட் வாங்குவதில்லை. எப்படி நடத்திக் காட்டுகிறார்கள் என்பதற்குத்தான் காசு.

சுரபியின் கதையே ஒரு நாடகம். 1885இல் கடப்பை மாவட்டத்துச் சுரபி கிராமத்தில் 'கீசக வதம்' போட்டதில் தொடங்கியது. தோல்பாவைக் கூத்து நடத்திய மராட்டியப் பூர்வீகக் குடும்பம் அது. நிழலை ஆட்டிய கைகள் தாங்களே மேடையேறின. மற்ற கம்பெனிகளில் ஆண்கள் சேலை கட்டிக்கொண்டிருந்த காலத்தில் சுரபி வீட்டுப் பெண்கள் பெண் வேடம் போட்டார்கள். தெலுங்கின் முதல் பேசும் படமான 'பக்த பிரகலாதா'வில் (1932) லீலாவதியாக நடித்த கமலாபாய் இந்த வீட்டுப் பெண்தான். நடிப்பது, படுதா எழுதுவது, விளக்குப் போடுவது, ஆர்மோனியம் வாசிப்பது எல்லாம் குடும்பமே. தாத்தா எமன், பேரன் பிரகலாதன்.

பார்த்தவர்கள் சொல்வதைக் கேட்டால் மூன்று கட்சிகள் தெரியும்.

முதல் கட்சி தந்திரக் காட்சிகளுடையது. நாரதர் மேகத்தில் இறங்குகிறார். அம்புகள் நடுவானில் மோதித் தீப்பொறி பறக்கிறது. 'மாயா பஜா'ரில் கடோத்கஜன் வாய்க்குள் லட்டுகள் தாமாகப் பறந்து போகின்றன. கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. நூலும் கம்பியும் கப்பியும், திரைக்குப் பின்னால் இழுக்கும் ஆட்களும்தான். நூல் கண்ணில் பட்டுவிட்டால் குழந்தைகள் ஏமாந்து போவதில்லை, இன்னும் உற்சாகமாகிவிடுகிறார்கள்.

இரண்டாவது கட்சி கைக்கடிகாரத்தைப் பார்க்கிறது. பத்யங்கள் நீளம், ராகம் இழுக்கிறார்கள், வசனம் பழைய தெலுங்கு என்பது அவர்கள் புகார். வீட்டில் தமிழ் பேசி வெளியில் தெலுங்கு பேசுகிற செகந்திராபாத் தமிழருக்கு இந்தச் சங்கடம் கொஞ்சம் கூடுதல்.

மூன்றாவது கட்சி படித்தவர்களுடையது. 'இது நமது பாரம்பரியம், காப்பாற்ற வேண்டும்.' சொல்லிவிட்டுப் போனவர்கள் அடுத்து வருவது பத்து வருஷம் கழித்து.

இதில் எந்தக் கட்சியைக் கம்பெனி கேட்க வேண்டும்?

கடல் தாண்டியும் ஓர் உதாரணம் உண்டு. டிஸ்னி கம்பெனியார் 'பியூட்டி அண்ட் தி பீஸ்ட்' தேவதைக் கதையை 1994இல் நியூயார்க் பிராட்வேயில் பாட்டு நாடகமாக்கினார்கள். விமர்சகர்களிடம் பெரிய உற்சாகமில்லை. ஒன்பது பிரிவுகளில் டோனி விருதுக்குப் பரிந்துரையாகி, கிடைத்தது உடையலங்காரத்துக்கு ஒன்றே ஒன்று. ஆனால் குடும்பங்கள் குழந்தைகளோடு வந்துகொண்டே இருந்தன. 2007இல் இறக்கப்படுவதற்குள் 5,461 காட்சிகள். மிருகம் ரசிகர்களின் கண்முன்னே இளவரசனாக மாறும் தந்திரக் காட்சி அங்கேயும் பெரும் கவர்ச்சி. 2015இல் அதே நாடகத்தை இந்திய நடிகர்களைக் கொண்டு மும்பையிலும் தில்லியிலும் பெரிய உள்ளரங்குகளில் ஆங்கிலத்தில் நடத்தினார்கள். நாயாகும் இளவரசிக்கும் மிருகமான இளவரசனுக்கும் அதிக தூரமில்லை. தூரமெல்லாம் டிக்கெட் விலையிலும் விளம்பரத்திலும்தான்.

சுரபிக்காரர்கள் ரசிகர் சொல்வதைக் கேட்காதவர்கள் அல்ல. விடிய விடிய நடந்த நாடகங்கள் இரண்டு சொச்சம் மணி நேரத்துக்குச் சுருங்கின. பத்யங்கள் குறைந்தன. 1990களில் பி.வி. காரந்த் வந்து பயிற்சி கொடுத்தபோது, பிரெக்டின் நாடகம் ஒன்றைக்கூட 'பஸ்தி தேவதா யாதம்மா' என்று ஹைதராபாத் சேரிக்குக் கொண்டுவந்து போட்டார்கள். இவ்வளவு வளைந்து கொடுத்தும், ஒரு காலத்தில் முப்பதுக்கு மேல் இருந்ததாகச் சொல்லப்படும் குழுக்கள் விரல்விட்டு எண்ணும்படி ஆயின. சுரபி பாப்ஜி என்று அறியப்பட்ட நாகேஸ்வர ராவுக்கு 2013இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2022இல் அவரும் மறைந்தார்.

குறை சொன்ன ரசிகர்களால் வந்த சரிவல்ல இது. பழைய நாடகக் கொட்டகையில் ரசிகரின் அபிப்பிராயம் நாடகத்துக்கு உள்ளேயே இருந்தது. பத்யம் பிடித்திருந்தால் 'ஒன்ஸ்மோர்' என்று கத்துவார்கள். செத்து விழுந்த பாத்திரம்கூட எழுந்து மறுபடி பாடியாக வேண்டும். பிடிக்காவிட்டால் அதுவும் அங்கேயே தெரிந்துவிடும். கிட்டப்பா காலத்துத் தமிழ் மேடையிலும் இதே வழக்கம்தான். ஒன்ஸ்மோர் கேட்டவன் மறுநாளும் வந்தான். நேற்றுப் பாடியதோடு இன்று பாடியதை ஒப்பிட்டான். சுருதி விலகினால் திட்டினான். அந்தத் திட்டில் நடிகனுக்குப் பாடமும் இருந்தது, சாப்பாடும் இருந்தது.

தமிழர்கள் இதை வேறு யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. நவாப் ராஜமாணிக்கத்தின் 'தசாவதார'த்தையும் ஆர்.எஸ். மனோகரின் 'இலங்கேஸ்வர'னையும் காட்சி ஜோடனைக்காக இன்றும் புகழாத வயசாளி இல்லை. புகழ் மிஞ்சியது; மனோகர் 2006இல் போனபின் அந்தப் பாணி நாடகங்கள் அரிதாகிவிட்டன. ஹைதராபாத்தின் மேற்குக் கோடியில், லிங்கம்பள்ளிப் பக்கத்துச் சுரபிக் குடியிருப்பில், படுதாவும் நூலும் பிழைக்கத் தெரிந்த கைகளும் இன்னும் இருக்கின்றன. தெலுங்கு மேடைக்கு வாய்த்த இந்த அதிர்ஷ்டம் தமிழ் மேடைக்கு அந்த அளவுக்கு வாய்க்கவில்லை.

அதனால் கம்பெனி காதுகொடுக்க வேண்டியது இரண்டாவது கட்சிக்குத்தான். பாட்டு நீளம் என்று முணுமுணுப்பவர் பாட்டைக் கேட்டிருக்கிறார். எந்த இடத்தில் அலுத்தது என்று அவரால் விரல் வைத்துச் சொல்ல முடியும். அந்த இடத்தைச் சரிசெய்தால் அடுத்த முறை பேரனையும் கூட்டிக்கொண்டு வருவார். 'காப்பாற்ற வேண்டும்' என்பவரிடம் அப்படி ஒரு தகவலும் இல்லை. அவர் கையில் இருப்பது மலர்வளையம். ஆள் உயிரோடு இருக்கும்போதே நீட்டுகிறார்.

மந்திரவாதியின் உயிர் கிளியில் இருந்தது. நாடகக் கம்பெனியின் உயிர் டிக்கெட் கவுண்டரில் இருக்கிறது. அதற்கு ஏழு கடல் தாண்ட வேண்டியதில்லை. போவன்பள்ளியிலிருந்து ஒரு பஸ் போதும்.