புற்றுக்காளானைத் தோண்டிப் பாருங்கள்

மழை பெய்துவிட்டால் சாமல்பட்டிப் பக்கத்துக் குடும்பங்களில் காளான் பேச்சு எழுவது வழக்கம். சென்ற ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஓர் இளந்தாய் முந்தானையில் வெண்காளான்களை ஏந்தி வந்து, "சாமி, இது தின்கிறதா, தின்னாததா?" என்று கேட்டாள். அவளுடைய மாமியார் இருந்தவரை அக்கேள்விக்கு இடமில்லை. அவர் மறைந்தார், பிள்ளைகளோ ஓசூர்த் தொழிற்சாலைகளுக்குப் போய்விட்டார்கள்.

அவள் தேடியது புற்றுக்காளான். கரையான்கள் சருகையும் மரத்தையும் மென்று, மண்ணுக்குள் கட்டும் கூட்டின்மேல் வளர்க்கும் காளான் அது. இவ்வினத்திற்குப் பிரெஞ்சு அறிஞர் ரோஜர் ஹெய்ம் 1942-இல் தெர்மிட்டோமைசிஸ் என்று பெயரிட்டார். 1979-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. நடராசன், தென்னிந்திய வகை ஒன்றுக்கு அவரைச் சிறப்பித்து ஹெய்மி என்று பெயர் சூட்டினார். கரையானுக்குக் கைவந்த இவ்விவசாயம், படித்த மனிதருக்கு இன்னும் வணிகப் பயிராகக் கைகூடவில்லை!

இதன் குடை நடுவில் கூம்பியிருக்கும். காம்பு, மண்ணுக்குள் வேர்போல நீண்டு, சில வேளை ஒரு முழம்கூட இறங்கி, கரையான் கூட்டில் முடியும். ஆனால் நாம் பிடுங்குகிறோம், வேர் அறுந்துபோகிறது, சாட்சியம் மண்ணிலேயே தங்கிவிடுகிறது. ஆகவே பிடுங்காமல் தோண்டுங்கள்.

அவள் கொண்டுவந்தவை மேய்ச்சல் நிலத்தில் பறித்தவை. குடைமேல் பழுப்புச் செதில்கள், காம்பில் வளையம். வளையத்தை வைத்து முடிவு செய்தல் ஆகாது. ஹெய்மிக்கும் வளையம் உண்டு. "இன்று சமைக்காதே" என்று சொல்லி, ஒன்றின் காம்பை நறுக்கி, இதழ்ப்புறம் கீழாக வெள்ளைத்தாளில் வைத்துக் கிண்ணத்தால் மூடினோம். புற்றுக்காளானாயின் இளஞ்சிவப்புத் தூள் படியும். மறுநாள் தாளில் படிந்திருந்ததோ பச்சை! கடும் வாந்தியும் பேதியும் தரும் நச்சுக்காளான் அது. இளமையில் அதன் இதழ்களும் வெண்மையாகவே இருப்பதால் ஏமாறுவோர் பலர். இளஞ்சிவப்புத் தூள் மட்டும் கண்டு அடுப்பு மூட்டவும் வேண்டாம். அந்நிறத்தில் நச்சுக்காளான்களும் உண்டு. கூடு வரை இறங்கும் வேரையும் காண வேண்டும். அப்போதும் ஐயமிருந்தால் உண்ணாதிருங்கள்.

வெள்ளிக் கரண்டி கறுத்தால் நஞ்சு என்பது வெறும் கதை. கொதிக்க வைத்தாலும் அழியாத நஞ்சுகள் உண்டு. உண்டு ஆறு மணி நேரத்திற்குப் பின் வாந்தி தொடங்கினால் மிகுந்த அச்சத்திற்குரியது. நோயாளி தேறியதுபோல் தோன்றும்போதே ஈரல் கெட்டுக்கொண்டிருக்கலாம். மீந்த காளானையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள்.

திங்கள் மாலை அவள் வந்து, தாளைப் பார்த்தாள், ஒன்றும் பேசவில்லை. வீட்டிலிருந்த மீதியைக் குழிதோண்டிப் புதைத்து, கோழிகள் கிளறாதபடி மேலே ஒரு கல்லையும் வைத்தாளாம்.