வலது கை நிற்கலாகாது

என்னைப் போன்று ஐம்பதைக் கடந்தபின் கிற்றார் பழகத் தொடங்குவோர் பலர், விரல்கள் முதிர்ந்துவிட்டன என்று கூறிச் சில மாதங்களில் அதனை மூலையில் சாத்திவிடுகின்றனர். விரல்களைக் குறைகூறுதல் நியாயமன்று என்பேன்.

ஒரு கோர்ட்டிலிருந்து மற்றொன்றுக்கு இடது கை மாறும்போது, பிழையாக ஒலித்துவிடுமோ என்ற கூச்சத்தில் வலது கையையும் நிறுத்திவிடுகிறோம். அங்கேதான் பாட்டு அறுந்துபோகிறது. கச்சேரியில் பாடகர் சுரம் பிசகினாலும் தொடையில் தட்டும் தாளம் நிற்பதில்லை. நம்நாட்டுத் திருமண வீடுகளில் பைலாவுக்கு ஆடுவோர் பிழையான கோர்ட்டைப் பொறுத்துக்கொள்வர்; ஆறெட்டுத் தாளம் நின்றால் பொறுக்கமாட்டார்கள்.

மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 அடியில் வைத்து, நான்கு அடிக்கு ஒரு கோர்ட்டாக மாற்றிப் பழகுங்கள். 'சி'யிலிருந்து 'ஏ மைனரு'க்கு மோதிரவிரல் மட்டுமே இடம்பெயர வேண்டும். சுட்டுவிரலும் நடுவிரலும் இருந்த இடத்திலேயே இருக்கலாம். அதிலிருந்து தொடங்குங்கள். விரல் பிந்தினால் வெறுந் தந்திகள் ஒலிக்கட்டும்.

அலுவலகத்திலும் வீட்டிலும் பிழைவிடாதவரெனப் பெயரெடுத்தவருக்குப் பிழையோடு தொடர்வது கடினமே. அந்தக் கௌரவத்தை நாளொன்றுக்கு அரைமணி நேரம் கழற்றி வைக்க முடிந்தவருக்கு, எந்த வயதிலும் கிற்றார் வசப்படும்.